களமும் ஆசிரியரும்: மும்பையின் நலவாழ்வு, சமூகப்பணித் துறைகளுக்கு வரும் புதிய பேராசிரியர்கள்

நலவாழ்வு, சமூகப்பணித் துறைகளில் புதிதாகச் சேரும் பல்கலைக்கழக ஆசிரியருக்கு இரண்டு பொறுப்புகள் உண்டு. ஒன்று, வகுப்பறையில் பாடம் நடத்துவது. மற்றொன்று, மருத்துவமனை வார்டுக்கும் குடிசைப் பகுதிக்கும் காவல் நிலையத்துக்கும் அங்கன்வாடிக்கும் மாணவர்களை அனுப்பி, அங்கே அவர்கள் செய்யும் வேலைக்குப் பதில் சொல்வது. முதல் பொறுப்புக்கான தகுதியைப் பட்டமும் தேர்வும் ஓரளவு அளந்துவிடுகின்றன. இரண்டாவதற்கான தகுதி, ஒரு பகுதியோடு ஆண்டுக்கணக்கில் பழகினால்தான் கைகூடும். மும்பையில் இத்துறைகள் தோன்றி வளர்ந்த வரலாறு, இந்த இரண்டாவது தகுதியைத் தேடிய வரலாறாகவும் இருக்கிறது. இன்றைய நியமன விதிகள் அதற்கு எவ்வளவு இடம் தருகின்றன என்பதை அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் ஆசிரியர்கள்

இந்தியாவில் சமூகப்பணியைப் பட்டமேற்படிப்பாகக் கற்பித்த முதல் நிறுவனம் 1936-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட சர் தொராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளி. அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கர். அவர் 1920களிலேயே பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த நாக்பாடாவில் ஓர் அக்கம்பக்க நல மையத்தை நடத்திவந்தார். பள்ளியும் அங்கேயே தொடங்கியது. மையத்துக்கு வரும் குடும்பங்கள்தான் மாணவர்களுக்கு முதல் பாடம் ஆயின. பள்ளி தொடங்கிய மறு ஆண்டே, 1937-இல், குழந்தைகளின் மனநலத்துக்கென ஒரு வழிகாட்டு மருத்துவகமும் அதன் அங்கமாயிற்று.

மான்ஷார்ட் கல்வி பயின்ற சிகாகோவிலும் இதே வழக்கம் இருந்தது. ஜேன் ஆடம்ஸ் 1889-இல் நிறுவிய ஹல் ஹவுஸில் ஏழைக் குடியேறிகளிடையே வாழ்ந்து பணியாற்றிய எடித் அபாட், சொஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் போன்றவர்களே 1920-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூகசேவைக் கல்வித் துறையை உருவாக்கினார்கள். களத்தில் முதிர்ந்தவர் வகுப்புக்கு வருவது என்ற அந்த மரபு மான்ஷார்ட்டோடு நாக்பாடாவுக்கும் வந்து சேர்ந்தது.

மான்ஷார்ட்டுக்குப் பின் 1941-இல் இயக்குநரானவர் ஜே. எம். குமரப்பா. தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். இவர் பொறுப்பில் இருந்தபோது, 1944-இல், பள்ளி டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது. 1940-இல் தொடங்கிய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சோஷியல் வொர்க்' இதழும் ஆசிரியர்களின் கள அனுபவம் கட்டுரையாக மாறும் இடமாக நிலைபெற்றது. நிறுவனம் 1954-இல் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு இடம் மாறியது. 1964-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

துறை பிறக்கும்போது ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

புதிய துறை ஒன்றைத் தொடங்குபவர்கள் சந்திக்கும் முதல் சிக்கல், அதைக் கற்பிக்க உள்ளூரில் ஆள் இல்லாதது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பம்பாய் இதைப் பலமுறை சந்தித்தது.

மருத்துவமனைகளில் சமூகப்பணியாளர் வேண்டும் என்று, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946-இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நாட்டின் முதல் மருத்துவச் சமூகப்பணியாளர் நியமிக்கப்பட்டார். அத்தகைய பணியாளர்களைப் பயிற்றுவிக்க டாடா நிறுவனம், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா நகரிலுள்ள மென்னிங்கர் மனநல மருத்துவ நிலையத்திலிருந்து லோயிஸ் பிளேக்கியை வருகைதரு ஆசிரியராக அழைத்தது. அவர் வகுத்துக் கொடுத்த மருத்துவ, மனநலச் சமூகப்பணித் துறையை 1948 முதல் கௌரி ராணி பானர்ஜி முன்னெடுத்தார். அழைத்துவந்த ஆசிரியர் துறைக்கு அடித்தளம் இட்டுத் திரும்பினார். உள்ளூர் ஆசிரியர் பல்லாண்டு அங்கேயே இருந்து அதை இந்திய மருத்துவமனைகளுக்கு ஏற்ப வளர்த்தார்.

பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் வேறொரு வழி திறந்தது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர், 1950-இல் அங்கே செயல்முறைச் சிகிச்சைப் (ஆக்குபேஷனல் தெரபி) பள்ளியை நிறுவினார். ஆசியாவில் அத்துறைக்கு அதுவே முதல் பள்ளி. முதல் அணி மாணவர்களை அவரே உருவாக்க வேண்டியிருந்தது. பின்னாளில் நாடெங்கும் எழுந்த பள்ளிகளுக்கு இவ்வாறு பயின்றவர்கள் ஆசிரியர்களாகப் போனார்கள்.

பம்பாயில் 1956-இல் இந்திய அரசும் ஐக்கிய நாடுகள் சபையும் சர் தொராப்ஜி டாடா அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய மக்கள்தொகைப் பயிற்சி ஆய்வு மையம் இன்னொரு எடுத்துக்காட்டு. இன்று அது பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். அதன் தொடக்ககால இயக்குநர்களில் ஒருவர் சி. சந்திரசேகரன். பிறப்பு, இறப்புப் பதிவுகளில் எத்தனை விடுபட்டிருக்கும் என்று இரண்டு தனித்தனிப் பட்டியல்களை ஒப்பிட்டு மதிப்பிடும் முறையை, எட்வர்ட்ஸ் டெமிங்குடன் சேர்ந்து 1949-இல் வெளியிட்டவர். கல்கத்தாவில் பொதுச் சுகாதாரம் கற்பித்தபோது, வீடு வீடாகக் கணக்கெடுப்பதில் நேரும் தவறுகளைக் கண்டதிலிருந்து வந்த முறை அது. பின்னாளில் கே. சீனிவாசன் இதே நிறுவனத்தை வழிநடத்தினார். தேசியக் குடும்பநல ஆய்வின் முதல் சுற்று 1992-93-இல் இந்நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் நடந்தது. 2005-06-இல் நடந்த மூன்றாம் சுற்றில் மும்பை, சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களின் குடிசைப் பகுதிகள் தனியே கணக்கிடப்பட்டன. நகர சராசரிக்குள் மறைந்துகிடந்த தாராவி போன்ற பகுதிகளின் நிலை அதன்பின் எண்களில் தெரியத் தொடங்கியது.

மாணவர் ஆசிரியராகும் தலைமுறை

இரண்டாம் தலைமுறையில் டாடா நிறுவனம் தன் மாணவர்களையே ஆசிரியர்களாகப் பெற்றது. 1962 முதல் 1982 வரை இயக்குநராக இருந்த எம். எஸ். கோரே அங்கே படித்தவர். அவருக்குப் பின் வந்த அர்மைட்டி தேசாயும் அப்படியே. தேசாய், 1955-இல் தொடங்கிய நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியின் முதல்வராக இருந்துவிட்டுத் திரும்பியவர். பிற்பாடு பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரானார்.

இப்படி வந்தவர்களுக்கு நகரத்தின் சந்துபொந்துகள் மாணவப் பருவத்திலிருந்தே பழக்கம். அந்தப் பழக்கத்தின் பலன், ஆசிரியர்கள் தொடங்கிய களச்செயல் திட்டங்களில் தெரிகிறது. குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்கள் முதலில் ஏறும் படி காவல் நிலையம். ஆகவே சமூகப்பணியாளர் அங்கேயே உட்கார வேண்டும் என்ற எண்ணத்தில் 1984-இல் மும்பை காவல்துறைக்குள் பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு தொடங்கியது. மகாராஷ்டிர அரசு பின்னர் அதை மாநிலத்தின் பிற பகுதிகளுக்கும் கொண்டுசென்றது. சிறையில் இருப்பவர்களுக்கும் விசாரணைக் கைதிகளுக்கும் உதவும் 'பிரயாஸ்' 1990-இல் வந்தது. அந்த நாளில் இளம் ஆசிரியராக இருந்த ஜெரூ பில்லிமோரியா, இரவிலும் தம்மை அழைத்த தெருக் குழந்தைகளின் தேவையிலிருந்து 1996-இல் 'சைல்டுலைன்' தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். 1098 என்ற அதன் எண் நாடு முழுக்கப் பரவியது. வீடற்றோருக்கான 'கோஷிஷ்' 2006-இல் பிறந்தது.

இவற்றில் எதுவும் பணியில் சேர்ந்த முதல் மாதத்தில் ஆசிரியர் போட்ட திட்டம் அன்று. மாணவர்களை ஓரிடத்துக்கு ஆண்டுதோறும் அனுப்பி, அவர்கள் கொண்டுவரும் அறிக்கைகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தவர்களுக்கே இவை தோன்றின.

மருத்துவக் கல்லூரியும் தாராவியும்

மருத்துவக் கல்வியில் மாணவர்களைக் களத்துக்கு அழைத்துச்செல்லும் பொறுப்பு சமூக மருத்துவத் துறையைச் சேரும். சயானில் உள்ள லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கியது. அதன் சமூக மருத்துவத் துறை தாராவியில் நகர்ப்புறச் சுகாதார மையத்தை நடத்துகிறது. அந்த வட்டாரத்தில் அதற்கு 'சோட்டா சயான்' என்றுதான் பெயர். துறையில் சேரும் உதவிப் பேராசிரியருக்கு இந்த மையமே இரண்டாவது வகுப்பறை. காலையில் கேஸ் பேப்பர் வரிசை, தடுப்பூசி நாள், கர்ப்பிணிப் பரிசோதனை நாள் என்று அதன் வாரம் ஓடும்.

அதே கல்லூரியின் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ். 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை அங்கே நிறுவினார். பிற்காலத்தில் கல்லூரியின் டீனும் ஆனார். வார்டில் காப்பாற்றி அனுப்பும் குழந்தை மறுபடியும் நோயோடு திரும்புவதன் காரணம் வீட்டிலும் தெருவிலும் இருந்தது. அதை அங்கேயே போய்த் தீர்க்க 1999-இல் 'ஸ்நேகா' அமைப்பைத் தொடங்கினார். தாராவி அதன் முக்கியக் களம் ஆயிற்று. சத்துக்குறைவு, பேறுகால நலம், பெண்கள்மீதான வன்முறை ஆகிய மூன்றும் ஒரே வீட்டுக்குள் பின்னிக் கிடப்பதை வார்டிலிருந்து மட்டும் பார்த்திருக்க முடியாது.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பரப்பில் லட்சக்கணக்கானோர் பொதுக் கழிப்பறைகளைப் பகிர்ந்து வாழும் இடம் அது. ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் அளவுக்கு அங்கே தொற்று கட்டுப்பட்டது. மாநகராட்சி ஊழியர், வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களான ஆரோக்கிய சேவிகாக்கள், உள்ளூர்த் தனியார் மருத்துவர்கள் ஆகியோருக்கு இருந்த பழைய அறிமுகமும் அதற்குக் கைகொடுத்தது. எந்தச் சந்தில் யார் சொன்னால் கதவு திறக்கும் என்பதை நெருக்கடி வந்தபின் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

இன்றைய தேர்வு முறை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் பதவிக்கு முதுகலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சியும் வேண்டும். முறைப்படி பெற்ற முனைவர் பட்டம் இருந்தால் நெட்டிலிருந்து விலக்கு உண்டு. இணைப் பேராசிரியருக்கு முனைவர் பட்டத்தோடு 8 ஆண்டு, பேராசிரியருக்கு 10 ஆண்டு அனுபவம் தேவை. நேர்காணலுக்கு அழைக்கும் பட்டியலைத் தயாரிக்க ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. அதில் முனைவர் பட்டத்துக்கு 30 மதிப்பெண். கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. மருத்துவமனையிலோ குடிசைப் பகுதியிலோ செய்த பணிக்கென்று தனி மதிப்பெண் கிடையாது.

இதன் விளைவு தெளிவு. காசநோய் மையத்தில் பத்தாண்டு ஆலோசகராக இருந்தவர், படிப்பை முடித்த கையோடு ஆய்வுப் பட்டம் பெற்றவரைவிடப் பட்டியலில் பின்னால் நிற்பார். ஆய்வுத் தேர்ச்சி அவசியமானது. எண்களைக் கையாளவும் முன்னோர் ஆய்வுகளை எடைபோடவும் தெரியாத ஆசிரியர் மாணவரை வழிநடத்த முடியாது. ஆனால் தொழிற்கல்வியான சமூகப்பணிக்கும் வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளுக்கும் ஒரே அட்டவணை போதாது. மருத்துவம் இதில் ஒருபடி மேல். அங்கே முதுகலை மருத்துவப் பட்டத்துக்குப் பின் சீனியர் ரெசிடெண்டாகப் பணியாற்றியிருப்பது உதவிப் பேராசிரியராவதற்குப் பொதுவான நிபந்தனை. சமூகப்பணியில் அதற்கு இணையான நிபந்தனை இல்லை.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப, துறைசார் அனுபவப் பேராசிரியர் என்ற பதவியை மானியக் குழு 2022-இல் அனுமதித்தது. 15 ஆண்டு அனுபவம் உள்ளவரை, பட்டம் பாராமல் நியமிக்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. காலம் நான்கு ஆண்டைத் தாண்டக் கூடாது. அனுபவத்துக்குக் கதவு திறந்த இந்த ஏற்பாடு, அது நிலைத்திருக்க இடம் தரவில்லை.

அத்தகைய அனுபவத்தோடு வந்தவரால் என்ன ஆகும் என்பதற்கு டி. சுந்தரராமன் சான்று. புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவப் பேராசிரியராகவும் அறிவியல் இயக்கத்திலும் இருந்தவர். சத்தீஸ்கரில் 'மிதானின்' எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர் திட்டத்தை வடிவமைப்பதில் பங்காற்றி, தேசியச் சுகாதார அமைப்பு ஆதார மையத்தை வழிநடத்தி, பின்னர் டாடா நிறுவனத்தின் சுகாதார அமைப்பு ஆய்வுப் புலத்துக்கு முதன்மையரானார். வகுப்பு, களம், அரசு ஆகிய மூன்றிலும் பழகிய ஒருவர் மாணவர்களுக்கு முன் நிற்பது, கொள்கை ஒன்று கிராமத்து வாசலை எட்டும்வரை என்னென்ன ஆகிறது என்பதை அவர்களுக்குக் காட்டுகிறது.

முதல் ஆண்டுகளில் நடப்பது

பணியில் சேர்ந்ததும் புதியவர் அறிமுகப் பயிற்சிக்குப் போகிறார். உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்பது விதி. அதற்கு வெளியே, துறைக்குத் துறை வேறு வேறாகக் கணக்கிடப்படும் கள மேற்பார்வைதான் அவர் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்கிறது. சமூகப்பணி மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் களத்துக்குப் போகிறார்கள். திரும்பியதும் நடந்ததை எழுதுகிறார்கள். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

தாராவியில் காசநோய்ச் சிகிச்சை பெறும் ஒருவரைப் பற்றி மாணவர், "இரண்டு வாரமாக மாத்திரை வாங்க வரவில்லை, ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். அந்த இடம் தெரியாத ஆசிரியர், நோயாளிக்கு விழிப்புணர்வு ஊட்டும்படி எழுதிக் கையெழுத்திடுவார். தெரிந்தவர் முதலில் கேட்பது, அவர் என்ன வேலை செய்கிறார் என்று. இட்லி வியாபாரக் குடும்பமாக இருந்தால் விடியும் முன்பே அடுப்பு எரியத் தொடங்கும். வேகவைத்து, பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டித் தெருத்தெருவாக விற்று முடிப்பதற்குள் மையத்தின் காலை நேரம் போய்விடும். வாடகைக்கு இருக்கும் வீட்டில் நோய் தெரிந்தால் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயமும் இருக்கலாம். அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை ஊரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கலாம். இந்த மூன்று கேள்விகளோடு மாணவர் மறுபடி போனால், "ஒத்துழைப்பு இல்லை" என்ற வரி அறிக்கையிலிருந்து மறைந்து, மாத்திரை மாலையில் கிடைக்க வழி உண்டா என்ற வேலை தொடங்கும். மேற்பார்வை என்பது இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிவதுதான்.

மொழியும் மூன்று தமிழ்ப் பகுதிகளும்

நாடு முழுவதிலிருந்தும் ஆசிரியர் வரும் நிறுவனங்களில், களத்தின் மொழி முதல் தடையாக நிற்கிறது. அரசுக் காகிதங்கள் மராத்தியில். தெருப் பேச்சு மும்பை இந்தியில். தாராவியின் பல சந்துகளில் வீட்டுப் பேச்சு திருநெல்வேலித் தமிழ். தோல் பதனிடும் வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் மாட்டுங்கா வேறொரு தமிழ் உலகம். அலுவலக வேலைக்கு வந்தவர்கள் கட்டியெழுப்பியது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் அங்கே தொடங்கியது. பிள்ளைகள் தொலைவில் இருக்க, பழைய அடுக்ககங்களில் தனியே வாழும் முதியோரின் நலம் இன்று அங்கே முன்னுக்கு வருகிறது. செம்பூரைத் தாண்டினால் டிராம்பே அருகே சீத்தா கேம்ப். 1976-இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய இடம். அங்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அதை உள்ளடக்கிய எம்-கிழக்கு வார்டு, 2009-ஆம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரிலேயே கடைசி இடத்தில் இருந்தது. தன் வாசலிலேயே இருக்கும் அந்த வார்டில் டாடா நிறுவனம் 2011-இல் ஒரு தொடர் திட்டத்தைத் தொடங்கியது.

தமிழ் தெரிந்த ஆசிரியர் வந்துவிட்டாலே போதும் என்று இதற்குப் பொருளில்லை. மாட்டுங்காத் தமிழும் சீத்தா கேம்ப் தமிழும் ஒரே மொழி, வாழ்க்கைகள் வேறு. எந்த மொழிக்காரராக இருந்தாலும் புதிய ஆசிரியருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் மொழிப் பயிற்சிக்கும் பகுதிப் பழக்கத்துக்கும் வேலைநேரத்திலேயே இடம் ஒதுக்குவது, மானியக் குழு கேட்கும் அறிமுகப் பயிற்சிக்கு நிகராக முக்கியம்.

பணி நிலைப்பு

களப் பழக்கம் ஆண்டுகளால் ஆவதால், ஒப்பந்த நியமனம் இத்துறைகளை மற்றவற்றைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. 2024 ஜூன் இறுதியில் டாடா நிறுவனம், அறக்கட்டளை நிதியில் பணியாற்றிய ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு பிற ஊழியர்களுக்கும் பணி முடிவுக்கு வருவதாக அறிவித்தது. நிதி தொடரும் என்ற உறுதி கிடைத்ததும் சில நாளிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பணி காப்பாற்றப்பட்டாலும், பல திட்டங்களின் ஆயுள் நிதி ஆண்டோடு கட்டப்பட்டிருப்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

ஒப்பந்த ஆசிரியர் போகும்போது காலியாவது ஒரு நாற்காலி மட்டுமாக இருப்பதில்லை. எந்தக் காவல் அதிகாரி மாணவரை மதிப்பார், எந்த அங்கன்வாடிப் பணியாளர் உண்மை எண்ணைச் சொல்வார், எந்தத் தெருவில் எந்தச் சங்கம் பேச்சை நடத்தும் என்ற அறிவும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். அந்த ஆண்டு மாணவர்களும் அந்தப் பகுதி மக்களும் அதற்கு விலை கொடுக்கிறார்கள். தாராவி மறுசீரமைப்பில் குடும்பங்கள் நகரின் வேறு மூலைகளுக்குப் போகவிருக்கும் இக்காலத்தில், அவர்களைத் தொடர்ந்து பார்க்கும் ஆசிரியர்களின் தேவை இன்னும் கூடுகிறது.

வரலாறு காட்டும் வழி சிக்கலானதன்று. நேர்காணல் பட்டியலில் களப்பணி ஆண்டுகளுக்கு மதிப்பெண் வேண்டும். மேற்பார்வை நேரம் கற்பித்தல் நேரமாக முழுமையாகக் கணக்கிடப்பட வேண்டும். புதியவர் முதல் ஆண்டில் மூத்த ஆசிரியரோடு சேர்ந்தே களப் பொறுப்பை ஏற்க வேண்டும். அனுபவத்துக்காக அழைக்கப்படுபவருக்கும் திட்டநிதியில் வருபவருக்கும் நிரந்தரப் பணிக்கு நேர்மையான வழி வேண்டும். கௌரி ராணி பானர்ஜி முதல் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் வரை இத்துறைகளுக்கு உயிர் கொடுத்தவர்கள் பலரும் நீண்டகாலம் ஓரிடத்தில் நின்று பார்த்தவர்கள். இனி வருபவர்களுக்கும் அந்தக் கால அளவைத் தருவது பல்கலைக்கழகங்களின், அரசின் கடமை.